எண்ணம் எளிது, நாணயம் அரிது

(திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

திருவிழாக் காலத்தில் ஆலய மண்டபத்தில் கூடிய அவையில் தொழிலைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். பொருள் ஈட்டுவதும் அறத்தின் வழியில் நிற்க வேண்டும் என்று கருதும் மரபில் வந்தோர், அது பொருந்தாது எனக் கூற மாட்டார்கள். மேலும், 'எளிய எண்ணத்தை இணையத் தொழிலாக்கும் இளையர்கள்' என்னும் இன்றைய தலைப்பு, இங்கு அமர்ந்திருப்போரில் பலருடைய இல்லங்களில் இராச் சாப்பாட்டு வேளையில் எழும் வாக்குவாதமும் ஆகும்.

பட்டப்படிப்பை முடித்த மகன், "வேலைக்கு மனுச் செய்யப் போவதில்லை, இணையத்தின் வழி சொந்தத் தொழில் தொடங்கப் போகிறேன்" என்கிறான். முப்பது ஆண்டுகளாக மாதச் சம்பளத்தாலும் ஊழியர் சேமநிதியாலும் குடும்பத்தைக் காத்த தந்தைக்கு அச்சொல் இடியோசை போல் கேட்கிறது. மகனின் கண்ணுக்குத் தந்தை துணிவற்றவராகத் தெரிகிறார். தந்தையின் கண்ணுக்கு மகன் பொறுப்பற்றவனாகத் தெரிகிறான். இருவருக்கும் இடையே நின்று தாய் தவிக்கிறாள். இருவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்பதே இதிலுள்ள சிக்கல். ஆகவே, எவருக்கும் அறிவுரை கூறுவதற்கு முன்னர், உண்மையில் நடந்த சில வரலாறுகளை எண்ணிப் பார்ப்பது நலம் பயக்கும்.

முதல் வரலாறு, ஒரு தீபாவளிப் பயணத்தில் தொடங்குகிறது.

2005-ஆம் ஆண்டு. பெங்களூரில் ஒரு பெரிய மின்னணு நிறுவனத்தில் பணியாற்றிய பணீந்திர சாமா என்னும் இளம் பொறியாளர், தீபாவளிக்குத் தம் குடும்பத்தாரிடம் செல்ல விரும்பினார். ஐதராபாத் செல்லும் தனியார் பேருந்துகளுக்குச் சீட்டு விற்கும் கடைகளில் ஏறி இறங்கியும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பண்டிகை நாளில் அவர் தம் அறையிலேயே தங்க நேர்ந்தது. இத்தகைய ஏமாற்றம் ஆயிரக்கணக்கானோருக்கு ஆண்டுதோறும் ஏற்படுவதே. ஆனால், அவர் அதனோடு விட்டுவிடாமல், ஏன் இப்படி நேர்கிறது என்று ஆராயத் தொடங்கினார்.

அந்நாளில் பேருந்து உரிமையாளர்கள், இருக்கைகளைப் பல முகவர்களுக்குத் தொலைபேசி வழியாகப் பிரித்துக் கொடுத்து வந்தனர். ஒவ்வொரு முகவருக்கும் தமக்குப் பழக்கமான சில பேருந்துகளின் நிலவரம் மட்டுமே தெரியும். அதனால், ஒரு கடையில் இடமில்லை என்று பயணி திருப்பி அனுப்பப்படும் அதே வேளையில், வேறொரு பேருந்து காலி இருக்கைகளோடு புறப்பட்டுக்கொண்டிருக்கக்கூடும். இருக்கையும் இருந்தது, பயணியும் இருந்தார். ஒருவர் இருப்பதை மற்றவருக்கு அறிவிப்பார்தாம் இல்லை. எல்லா இருக்கைகளையும் ஒரே இடத்தில் காட்டினால் என்ன என்பதே அவருக்குத் தோன்றிய எண்ணம். பள்ளி மாணவர்க்கும் விளங்கக்கூடிய எண்ணம் அது.

அவரும், பிலானி பொறியியல் கழகத்தில் உடன் பயின்ற சுதாகர் பசுபுனூரி, சரண் பத்மராஜு ஆகிய நண்பர்களும் சேர்ந்து 2006-இல் 'ரெட்பஸ்' என்னும் தொழிலைத் தொடங்கினர். மூவரும் பொறியாளர்கள்; பேருந்துத் தொழிலை அறியாதவர்கள். ஆதலால், பேருந்து உரிமையாளர்களையும் முகவர்களையும் பயணிகளையும் நேரில் சென்று கண்டு, அத்தொழில் எவ்வாறு நடைபெறுகிறது என்று கேட்டறிந்தனர். முதலில் ஒரு மென்பொருளை எழுதி, அதனை உரிமையாளர்களிடம் கொடுக்க முயன்றனர். உரிமையாளர்கள் அதில் நாட்டம் காட்டவில்லை. மனம் தளராத நண்பர்கள், தாங்களே சீட்டு விற்று உரிமையாளர்களுக்கு வருவாய் காட்டுவது என்று வழியை மாற்றிக்கொண்டனர். சில இருக்கைகளைப் பெற்று விற்றனர். பணத்தை ஒழுங்காகச் செலுத்தினர். அதன் பின்னரே கூடுதல் இருக்கைகள் அவர்களை நம்பி ஒப்படைக்கப்பட்டன. 2013-இல் அந்நிறுவனத்தை இபிபோ குழுமம் வாங்கியது. பின்னாளில் அதன் சேவை மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தது. ஒரு பண்டிகைக்கு ஊர் செல்ல இயலாத ஒருவரின் மனக்குறை, கடல் கடந்த ஊர்களின் பயணிகளுக்கும் பயன்படலாயிற்று.

இரண்டாம் வரலாறு கோலாலம்பூரில் பிறந்தது. அதில் ஒரு தாயின் கவலையும் கலந்திருக்கிறது.

டான் ஹூய் லிங் என்னும் மலேசியப் பெண்மணி, ஆலோசனை நிறுவனம் ஒன்றில் பணியாற்றியபோது, இரவு வெகு நேரம் கழித்து டாக்சியில் வீடு திரும்புவது வழக்கம். மகள் வீடு வந்து சேரும்வரை தாய்க்கு உறக்கம் வராது. எனவே, வண்டியின் எண்ணையும், செல்லும் வழியில் எந்த இடத்தைக் கடந்துகொண்டிருக்கிறார் என்பதையும் மகள் கைப்பேசியின் வழி தாய்க்குத் தெரிவித்துக்கொண்டே வருவார். பின்னர் அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பயின்றபோது, உடன் பயின்ற மலேசியரான ஆண்டனி டானுடன் சேர்ந்து, டாக்சிப் பயணத்தைப் பாதுகாப்பானதாக ஆக்கும் திட்டம் ஒன்றை அவர் வகுத்தார். 2011-இல் அப்பள்ளி நடத்திய தொழில் திட்டப் போட்டியில் அது இரண்டாம் நிலையைப் பெற்றது. 2012 ஜூன் மாதத்தில் கோலாலம்பூரில் 'மைதெக்சி' என்ற பெயரில் சேவை தொடங்கியது. அதுவே பின்னர் 'கிரேப்' ஆகி, தலைமையகத்தைச் சிங்கப்பூருக்கு மாற்றி, தென்கிழக்காசியா முழுவதும் பரவியது.

அந்தச் செயலி செய்தது என்ன? பயணி நிற்கும் இடத்தை அருகிலுள்ள ஓட்டுநருக்குத் தெரிவித்தது. ஓட்டுநரின் பெயரையும் வண்டி எண்ணையும் பயணிக்குத் தெரிவித்தது. பயணம் எங்கே சென்றுகொண்டிருக்கிறது என்பதை வீட்டார் அறிய வழி செய்தது. டாக்சி முன்பே இருந்தது. ஓட்டுநர் முன்பே இருந்தார். கைப்பேசியும் முன்பே இருந்தது. மகள் தன் தாய்க்கு அனுப்பி வந்த செய்தியை, எல்லாத் தாய்மாருக்கும் கிடைக்கும்படி ஒழுங்குபடுத்தியதே புதுமை. அத்தொடக்க நாளில் ஓட்டுநர்களுள் பலரிடம் திறன்பேசி இல்லை. அவர்கள் கூடும் இடங்களுக்கே சென்று, அதனைக் கையாளக் கற்றுக்கொடுத்து, ஒவ்வொருவராகச் சேர்க்க வேண்டியிருந்தது.

மூன்றாம் வரலாறு சிங்கப்பூரைச் சேர்ந்தது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் மாணவர்களான குவெக் சியூ ருய், லூக்கஸ் இங்கூ, மார்க்கஸ் டான் ஆகிய மூவரும், பல்கலைக்கழகத் திட்டத்தின்கீழ் அமெரிக்காவின் சிலிக்கன் பள்ளத்தாக்கில் பணிப்பயிற்சி பெற்றுத் திரும்பியவர்கள். தங்களிடமுள்ள பழைய பொருள்களை இணையத்தில் விற்பது எவ்வளவு தொல்லையான வேலை என்பதை அவர்கள் தம் அனுபவத்தில் கண்டிருந்தனர். படம் எடுக்க வேண்டும். அதைக் கணினிக்கு மாற்ற வேண்டும். பின்னர் படிவங்களை நிரப்ப வேண்டும். கைப்பேசியிலேயே படம் எடுத்து, விலையைக் குறித்து, அரை நிமிடத்தில் விற்பனைக்கு வைக்க முடிந்தால் என்ன? இந்த எண்ணத்தோடு 2012-இல் ஒரு வார இறுதிப் போட்டியில் கலந்துகொண்டு வென்றனர். அதே ஆண்டில் 'கரோசல்' பிறந்தது. 2019-இல் மலேசியர்கள் நன்கறிந்த 'முடா' விற்பனைத் தளமும் அக்குழுமத்தில் இணைந்தது.

அன்பர்களே, இம்மூன்று வரலாறுகளிலும் பொதுவாக அமைந்த ஒன்றைக் கவனிக்க வேண்டும். எவரும் புதுப்பொருளைக் கண்டுபிடிக்கவில்லை. பேருந்தும் டாக்சியும் பழைய பொருள்களும் உலகில் ஏற்கெனவே இருந்தவை. தாங்களோ தங்களைச் சார்ந்தோரோ பட்ட ஒரு சிறு துன்பத்தை அவர்கள் கூர்ந்து நோக்கினர். அது தமக்கு மட்டும் உரிய துன்பமன்று என்பதை உறுதி செய்துகொண்டனர். பின்னர் அதனை நீக்க முனைந்தனர்.

அவ்வாறாயின், எண்ணம் தோன்றிவிட்டால் தொழில் கைகூடிவிடுமா? பண்டிகை நாளில் பேருந்துச் சீட்டுக் கிடைக்காதவர் பணீந்திர சாமா ஒருவர்தாமா? இரவில் டாக்சி எண்ணைத் தாய்க்கு அனுப்பிய மகள் ஒருவர்தாமா? அவ்வெண்ணம் பலருக்கும் தோன்றியிருக்கும். எண்ணத்திற்கும் தொழிலுக்கும் இடையே இருந்த பள்ளத்தைச் சிலரே கடந்தனர். அப்பள்ளத்தின் பெயர் நம்பிக்கை.

தமிழில் 'நாணயம்' என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயமே. சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயமே. இரண்டையும் ஒரே சொல்லால் வழங்கிய முன்னோரின் நுண்ணறிவு, இணைய வணிகத்தில்தான் முழுமையாக விளங்குகிறது. கடைத்தெருவில் பொருள் வாங்குவோர், கடைக்காரரின் முகத்தைப் பார்க்கிறார். துணியைத் தொட்டுப் பார்க்கிறார். குறை இருந்தால் மறுநாள் அதே கடைக்கு வருகிறார். இணையத்தில் முகமும் இல்லை, கடையும் இல்லை. முன்பின் அறியாத ஒருவருக்கு முதலில் பணத்தை அனுப்ப வேண்டும். அல்லது, முன்பின் அறியாத ஒருவருக்கு முதலில் பொருளை அனுப்ப வேண்டும். யார் முதலில் நம்புவது என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு விடை கண்டவர்களே வென்றார்கள். இந்தியாவில் 2007-இல் சச்சின் பன்சால், பின்னி பன்சால் ஆகிய இரு நண்பர்கள் பெங்களூரில் 'பிளிப்கார்ட்' என்ற பெயரில் இணையத்தின் வழி புத்தகம் விற்கத் தொடங்கினர். பெயர் ஒன்றாயினும் அவர்கள் உறவினர் அல்லர். இணையத்தில் முன்பணம் செலுத்தப் பலர் அஞ்சினர். கடன் அட்டையே இல்லாதவர்களும் மிகப் பலர். அதனால், பொருள் வீட்டு வாசலுக்கு வந்த பின் பணம் கொடுத்தால் போதும் என்ற முறையை 2010-இல் அவர்கள் கொண்டு வந்தனர். யார் முதலில் நம்புவது என்ற கேள்விக்கு, "நாங்களே முதலில் நம்புகிறோம்" என்று அவர்கள் விடை கூறினர் எனலாம். அதில் நட்டமும் இருந்தது. பொருளை வாங்க மறுத்துத் திருப்பி அனுப்புவோரும் இருப்பார்கள். ஆயினும், மக்கள் வந்தார்கள். 2018-இல் அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனம் அத்தொழிலின் 77 விழுக்காட்டுப் பங்குகளை 1,600 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது.

முன்பின் அறியாதோரிடையே நம்பிக்கையை வளர்க்கும் கலை தமிழருக்குப் புதிதன்று. 19-ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூருக்கு வந்த நாட்டுக்கோட்டை நகரத்தார், மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் ஆளுக்கொரு சிறு மரப்பெட்டியையும் கணக்கேட்டையும் வைத்துக்கொண்டே கொடுக்கல் வாங்கல் நடத்தினர். இளம் வயதிலேயே 'பெட்டியடிப் பையன்' என்ற நிலையில் சேர்ந்து, கணக்கையும் பண்பையும் மூத்தோரிடம் பயின்ற பின்னரே பொறுப்புகள் ஒப்படைக்கப்பட்டன. அவர்கள் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில் 1859-ஆம் ஆண்டு முதல் தேங்க் ரோட்டில் நிலைபெற்றிருக்கிறது. கடல் கடந்து கடிதத்தின் வழி தொழில் நடத்தியோருக்கு, சொல்லும் கணக்குமே மூலதனமாக இருந்தன. இன்று கடிதத்தின் இடத்தில் கைப்பேசி வந்துள்ளது. சொல்லும் கணக்கும் மாறவில்லை.

இதுவரை கூறியவை வெற்றியின் பக்கம். மறுபக்கத்தையும் இந்த அவையில் மறைக்காமல் கூறுவது கடமையாகும்.

சிங்கப்பூரில் 2015-இல் தொடங்கிய 'ஹானஸ்ட்பீ' நிறுவனம், மளிகைப் பொருள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கும் எளிய எண்ணத்தில் எழுந்தது. சில ஆண்டுகளில் ஆசியாவின் பல நகரங்களில் பரவியது. 2019-இல் பல நாடுகளில் சேவையை நிறுத்திக்கொண்டு, கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை நாடும் நிலைக்கு வந்தது. எண்ணம் நல்லதே; அதற்குத் தேவையும் இருந்தது. வரவை மீறிய செலவு நீடித்தால் எத்துணை நல்ல எண்ணமும் நில்லாது என்பதற்கு அது சான்று.

வென்றவர்களின் கதையிலும், மேடைகளில் அடிக்கடி விடுபட்டுப் போகும் பகுதி ஒன்று உண்டு. 2012-இல் தொடங்கிய கிரேப் நிறுவனம், ஒரு காலாண்டில் முதன்முறையாக இலாபம் காட்டியது 2023-ஆம் ஆண்டின் இறுதிக் காலாண்டில்தான். பதினோர் ஆண்டுகளுக்கு மேல் நட்டத்தைத் தாங்குவதற்குப் பெரும் முதலீட்டாளர்கள் அதற்குப் பின்னால் நின்றனர். 2014-இல் ஜப்பானின் சாஃப்ட்பேங்க் மட்டும் 25 கோடி அமெரிக்க டாலரை முதலீடு செய்தது. தோற்றுநர்களுள் ஒருவரான ஆண்டனி டான், டான் சோங் மோட்டார் நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்தவர். இதனைக் குறையாகக் கூறவில்லை. வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துத் தொழில் தொடங்க எண்ணும் இளைஞர், தமக்குப் பின்னால் அத்தகைய பலம் உண்டா என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே கூறப்படுகிறது.

தொழில் வளர்ந்த பின் வரும் பொறுப்பு வேறு. 2018 மார்ச் மாதத்தில் ஊபர் நிறுவனத்தின் தென்கிழக்காசியத் தொழிலைக் கிரேப் வாங்கிக்கொண்டது. அதனால் போட்டி குறைந்ததெனக் கண்ட சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம், அதே ஆண்டு செப்டம்பரில் இரு நிறுவனங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 1 கோடியே 30 இலட்சம் சிங்கப்பூர் வெள்ளி அபராதம் விதித்தது. வண்டி ஓட்டுவோரும் உணவு கொண்டு செல்வோரும் ஊழியர்களா, சொந்தத் தொழில் செய்வோரா என்ற கேள்வி நெடுநாள் நிலவியது. விபத்து நேர்ந்தால் அவர்களுக்கு யார் பொறுப்பு? முதுமையில் அவர்களுக்குச் சேமிப்பு ஏது? சிங்கப்பூரில் 2025 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த சட்டம், இவர்களுக்கு வேலையிடக் காய இழப்பீட்டையும், 1995-ஆம் ஆண்டிலும் அதற்குப் பின்னரும் பிறந்தோருக்குக் கூடுதலான மத்திய சேமநிதிச் சந்தாவையும் கட்டாயமாக்கியது. மலேசிய நாடாளுமன்றமும் 2025-இல் இத்தகைய தொழிலாளர்களுக்கான சட்டத்தை நிறைவேற்றியது. இந்த மண்டபத்தில் இருப்போரின் பிள்ளைகளுள், செயலியைப் படைக்க விரும்புவோரும் இருப்பர். அச்செயலியின்கீழ் மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டு செல்வோரும் இருப்பர். முன்னவரின் வெற்றி பின்னவரின் வியர்வையால் ஆனது என்பதை மறந்த தொழில், நாணயத்தின் ஒரு பொருளைப் பெற்று மற்றொரு பொருளை இழந்ததாகும்.

இனி, கோடிகளை விட்டு வீட்டுக்கு வருவோம். எல்லாரும் கிரேப் போன்ற நிறுவனத்தை அமைக்க வேண்டியதில்லை. தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் செய்து விற்கும் தாய்மார்கள் உள்ளனர். திருமணத்திற்கு மாலை கட்டுவோர், இரவிக்கை தைப்போர், பாடம் சொல்லிக் கொடுப்போர் உள்ளனர். வாய்மொழியாக நாலு தெருவுக்குள் பரவிய அவர்களின் திறமையை, இணையம் நாற்பது ஊர்களுக்குக் கொண்டு செல்லும். பிள்ளைகள் முதலில் தொழிலாக்க வேண்டிய எளிய எண்ணம், தம் தாயின் அடுப்படியிலேயே இருக்கக்கூடும்.

ஆனால், அங்கும் கணக்கு வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு டின் முறுக்கு 20 ரிங்கிட்டுக்கு விற்கப்படுகிறது என்று கொள்வோம். மாவுக்கும் எண்ணெய்க்கும் 9 ரிங்கிட், டின்னுக்கு 2 ரிங்கிட், எரிவாயுவுக்கு 1 ரிங்கிட், வீட்டுக்குக் கொண்டு சேர்க்க 5 ரிங்கிட், விற்பனைத் தளத்தின் கழிவுக்கு 2 ரிங்கிட் செலவாகிறது. ஆக மொத்தம் 19 ரிங்கிட். எஞ்சுவது 1 ரிங்கிட். விடியற்காலையில் எழுந்து பிழிந்த கைகளுக்குக் கூலி இன்னும் கணக்கில் வரவில்லை! நூறு டின் விற்றுத் தீர்ந்தது என்று மகிழ்வோர், நூறு ரிங்கிட்டுக்கு எத்தனை நாள் உழைத்தோம் என்று பார்ப்பதில்லை. இரண்டு டின் வாங்குவோருக்கு மட்டும் கொண்டுபோய்க் கொடுப்பது, ஆலயத்திலோ கடையிலோ வந்து பெற்றுக்கொள்ளச் சொல்வது போன்ற சிறு மாற்றம் ஒன்றே அந்த 1 ரிங்கிட்டை 4 ரிங்கிட்டாக்கக்கூடும். தொழில் அறிவு என்பது பெரும்பாலும் இத்தகைய சிறு கணக்குகளே.

சட்டப்படியான கடமைகளும் கடினமானவை அல்ல. மலேசியாவில் தனி வணிகம் தொடங்குவோர், தொடங்கிய 30 நாள்களுக்குள் நிறுவனங்கள் ஆணையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். சொந்தப் பெயரில் நடத்த ஆண்டுக்கு 30 ரிங்கிட்டும், வணிகப் பெயரில் நடத்த 60 ரிங்கிட்டும் கட்டணமாகும். இந்தியத் தொழில்முனைவோருக்காகத் தெக்குன் நேஷனல் வழியாக 'ஸ்புமி' என்னும் கடன் திட்டமும் செயல்பட்டு வந்துள்ளது. சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் குடியிருப்போர், சிறிய அளவில் பலகாரம் செய்து விற்பதற்கு வழியுண்டு. ஆனால், அவ்வீட்டில் வசிக்காதவரை வேலைக்கு அமர்த்தலாகாது, அண்டை வீட்டாருக்கு இடையூறும் நேரலாகாது. தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு, நாள்தோறும் எழுதும் வரவு செலவு ஏடு, ஒழுங்காகச் செலுத்தும் வரி ஆகிய மூன்றும் இருந்தால், பின்னாளில் வங்கியில் கடன் கேட்கும்போதும் தலைநிமிர்ந்து நிற்கலாம்.

தொழில் தொடங்க விரும்பும் இளையரும், அவரைப் பெற்றோரும் ஒன்றாக அமர்ந்து மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டால், வாக்குவாதம் ஆலோசனையாக மாறும்.

முதலாவது: இத்தொழில் யாருடைய துன்பத்தை நீக்குகிறது? அத்துன்பம் உடையோரில் இருபது பேரையாவது நேரில் கண்டு பேசியதுண்டா? நண்பர்கள் 'நன்று' என்று பாராட்டுவது சான்றாகாது. முன்பின் அறியாத ஒருவர் தம் பணத்தைக் கொடுத்து வாங்குவதே சான்று.

இரண்டாவது: எவ்வளவு பணம் போனாலும் குடும்பம் நிலைகுலையாது? அந்த எல்லையைத் தொடங்குமுன்னரே எழுதி வைக்க வேண்டும். எல்லைக்குள் தோற்றவர் மீண்டும் எழுவார். அக்காளின் திருமண நகையையும் தந்தையின் ஓய்வுக்காலச் சேமிப்பையும் வைத்து ஆடுவது துணிவாகாது. வேலையில் இருந்துகொண்டே மாலை நேரங்களில் ஆறு மாதம் நடத்திப் பார்ப்பதில் இழிவு எதுவும் இல்லை.

மூன்றாவது: தவறு நேரும்போது என்ன செய்யப்படும்? பொருள் உடைந்து சேர்ந்தால், நாள் தவறினால், பணத்தை வாடிக்கையாளர் கேட்குமுன் திருப்பித் தர மனம் வருமா? இணைய விற்பனை மோசடிகள் பெருகியதனால், சிங்கப்பூர் அரசாங்கம் 2022-இல் விற்பனைத் தளங்களின் பாதுகாப்புக்குத் தரமதிப்பீடு வெளியிடத் தொடங்கியது. ஏமாற்றப்பட்ட மக்கள் எவரையும் ஐயத்தோடு பார்க்கும் காலம் இது. இக்காலத்தில் சொன்ன சொல்லைக் காக்கும் சிறு வணிகர், விளம்பரம் இன்றியே வளர்வார்.

இம்மூன்றுக்கும் மகன் தெளிவாக விடை கூறினால், தந்தை அஞ்ச வேண்டியதில்லை. விடை கூற இயலவில்லை என்றால், மகன் தந்தையின் மீது சினம் கொள்ள வேண்டியதில்லை. விடை தேடும் வேலை அவனுக்குக் காத்திருக்கிறது.

ஆலய நிர்வாகத்தினர் சிந்தனைக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. ஆலய உறுப்பினர்களுள் ஓய்வு பெற்ற கணக்காய்வாளர்கள் இருப்பார்கள். வங்கியில் பணியாற்றியவர்கள், வழக்குரைஞர்கள், நாற்பது ஆண்டுகள் கடை நடத்தியவர்கள் இருப்பார்கள். மாதத்தில் ஒரு மாலைப் பொழுது, பூசை முடிந்த பின், இம்மண்டபத்தில் ஒரு மேசையும் நான்கு நாற்காலிகளும் போட்டால் போதும். தொழில் எண்ணத்தோடு வரும் இளையர், தம் கணக்கை அப்பெரியோர்முன் வைத்து ஆலோசனை பெறலாம். கிட்டங்கியில் பெட்டியடிப் பையன் மூத்தவரிடம் கற்ற பாடம், இவ்வகையில் மீண்டும் தொடரும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. கேட்க மனமுள்ள இளையரும், கடிந்துகொள்ளாமல் கூற மனமுள்ள மூத்தோரும் வந்தால் போதுமானது.

பேருந்துச் சீட்டுக் கிடைக்காத ஏமாற்றத்தையும், மகளுக்காக விழித்திருந்த தாயின் கவலையையும் விதையாக்கித் தொழில் வளர்த்தோரின் வரலாற்றைக் கேட்டோம். அத்தகைய விதைகள் இந்த அவையில் உள்ள ஒவ்வோர் இல்லத்திலும் கிடக்கின்றன. அவற்றைக் காணும் கண்ணும், கணக்குப் பார்க்கும் பொறுமையும், சொன்ன சொல் தவறாத நாணயமும் நம் இளையர்க்கு வாய்க்கட்டும். அவர்களைத் தடுக்காமலும் தனியே விடாமலும் துணை நிற்கும் மனம் பெற்றோர்க்கு வாய்க்கட்டும். திருவிழா இனிதே நிறைவுற்று, அனைவர் இல்லத்திலும் நலமும் வளமும் பெருகத் திருவருள் துணை நிற்பதாக!